ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்கு ஐந்துக்கு ஐந்து

மேல் டிவிஷன்,
மடுல்சீமை.
செவ்வாய்க்கிழமை, மழை விட்ட நேரம்.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை நிமலன் அவர்களுக்கு மாமனார் வீரய்யா அன்போடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மாமியாரும், என் இடது முழங்காலைத் தவிர, முழுச் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே கொழும்பில் நீங்களும் மகள் தயானியும் அந்தப் புழுக்கத்திலும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று முருகனிடம் சொல்லியிருக்கிறோம். சென்ற முறை அனுப்பிய நெல்லிக்காய் ஊறுகாய்ப் போத்தல் பஸ்ஸில் உடையாமல் வந்ததா என்று மாமியார் கேட்கச் சொன்னார். உடைந்திருந்தாலும் ருசியாக இருந்தது என்றே எழுதுங்கள். அவருக்கு அது போதும்.

உங்கள் ஆபீசிலிருந்து நீங்கள் அனுப்பிய கேள்வித்தாள் கட்டு, தாளைக் கவ்விப் பிடிக்கும் பலகையோடு பத்திரமாக வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு என் கையில் யாரும் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்ததில்லை. அதை மேசையில் வைத்துத் தட்டிச் சீராக்கியபோது எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரி மூடிய பிறகும், ஞாயிற்றுக்கிழமையிலும், பௌர்ணமிப் போயா லீவு நாளிலும் ஒருவருக்குச் சுகமில்லாமல் போனால் டொக்டரைப் பார்ப்பது எவ்வளவு லேசு என்று ஆளுக்கு ஆள் கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும், ஒன்று என்றால் மிகவும் கஷ்டம், ஐந்து என்றால் மிகவும் லேசு, இவ்வளவுதான் வேலை என்று எழுதியிருந்தீர்கள். "மாமா, அங்க எல்லாருக்கும் உங்களத் தெரியும், உங்ககிட்ட உண்மையச் சொல்லுவாங்க" என்று டெலிபோனிலும் சொன்னீர்கள். அதில் முதல் பாதி மிகவும் சரி.

ஒரு நிபந்தனையும் போட்டிருந்தீர்கள். எந்தத் தோட்டத்தில் எண் மிகக் குறைவாக வருகிறதோ அங்கேதான் முதலில் பின்னேர டொக்டரை அனுப்பப் போகிறார்கள், ஆனால் அதை மக்களிடம் சொல்லிவிடக் கூடாது, சொன்னால் வேண்டுமென்றே குறைத்துச் சொல்வார்கள், அளவு கெட்டுவிடும் என்றீர்கள். பரீட்சைத் தாளை முன்கூட்டியே வெளியே விட்டதாக என்மேல் ஒரு பேச்சு இந்த மலையில் கிடையாது. வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் மட்டும் ஓர் ஆசை இருந்தது. கீழ் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற விஜயலெட்சுமியைத் தயானிக்குத் தெரியும், என்னிடம் படித்த பிள்ளை, இப்போது கொழுந்து எடுக்கிறாள், புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான். அவளுடைய மகள் சதுர்ஷாவுக்கு மூச்சு இழுப்பு. டிஸ்பென்சரி மூடுவதற்காகவே காத்திருந்து வருகிற இழுப்பு அது. அந்தப் பிள்ளைக்காகவாவது நம் தோட்டத்தின் எண் குறைவாக வரவேண்டும், பின்னேர டொக்டர் இங்கே வரவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் விடை எழுத வேண்டியது மக்கள். நான் வெறும் மேற்பார்வையாளர்.

முதல் நாள் யாருக்கும் கேள்வி விளங்கவில்லை. காய்ச்சலுக்கும் நம்பருக்கும் என்ன சம்பந்தம் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். உதாரணம் இல்லாமல் நான் ஒருநாளும் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும், கல்யாணத்தன்றே உங்களுக்கு மூன்று உதாரணம் சொன்னேன். ஆகவே பலகையை மார்போடு பிடித்துக்கொண்டு சொன்னேன். "இப்ப, நான் உங்களுக்கெல்லாம் படிச்சுக் குடுத்தேன். அதுக்கு எனக்கு அஞ்சுக்கு எத்தன மார்க் போடுவீங்க? அத மாதிரி யோசிச்சு ஒரு நம்பரச் சொல்லுங்க." உடனே எல்லா முகமும் தெளிந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ, "அப்படிச் சொல்லுங்க சார், இவ்வளவு நேரமும் பயந்துட்டோம்" என்றார்கள். உதாரணத்தின் சக்தியை நினைத்து நான் பெருமைப்பட்டேன்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது காலில் கத்தி பட்ட ஒருவர், அது ஒரு போயா நாள், காலைத் துவாயால் கட்டி, கொழுந்து லொறியில் சாக்குகளின்மேல் படுக்கவைத்து பெக்டரி வரை கொண்டுபோய், அங்கிருந்து மரக்கறி வேனில் பஜாருக்கு இறக்கி, டொக்டர் ஊரில் இல்லாததால் ஒரு கடை வாசலில் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்த கதையை அழகாகச் சொன்னார். "மறுநாள் காலையில டொக்டர் அவராவே வந்துட்டாருங்க சார். நாங்க தேடவே இல்ல. அஞ்சு போடுங்க." நடு லயத்துக் கருப்பாயி அக்காவைக் காய்ச்சலோடு ஒரு கதிரையில் உட்கார வைத்து, மழையில், நான்கு பேர் மாறி மாறிச் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுபோனார்களாம். "ஒரு எடத்துல நடக்க விடலீங்க. சாமி ஊர்கோலம் மாதிரி போனேன். அஞ்சுக்கு மேல ஏதும் இருக்குங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் மிகவும் மனம் வருந்தினார். இன்னொருவர் டொக்டரைப் பார்க்கவே இல்லை. போகும் வழியிலேயே வயிற்றுவலி தானாக நின்றுவிட்டது, திரும்பி வந்துவிட்டார், அவரும் ஐந்து. எல்லோரும் சொல்லி முடித்ததும் என் கையைத் தொட்டு, "பயப்படாதீங்க சார்" என்று வேறு சொன்னார்கள். நான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று விளங்கவில்லை. வழியெல்லாம் பிழை, விடை மட்டும் முழு மார்க். இப்படி ஒரு கணக்கை நான் திருத்தியதே இல்லை.

ஆனாலும் மாப்பிள்ளை, தாளில் இருப்பதை நம்புகிறவன் நான். தோட்டத்தின் இரண்டு டிவிஷனும் முடிந்தபோது ஒரு தாளில்கூட நாலு கிடையாது, எல்லாம் ஐந்து. "பெரியாயி, கொழும்புல இருக்குறவங்களுக்குக்கூட இப்படி லேசாக் கெடைக்காது போல இருக்கே" என்று உங்கள் மாமியாரிடம் சொன்னேன். அவர் பருப்பிலிருந்து கல் பொறுக்கிக்கொண்டே, "நீங்க கேக்குற வெதத்துல என்னமோ கோளாறு இருக்கு" என்றார். நான் அதை அலட்சியம் செய்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு விஜயலெட்சுமியின் காம்பராவுக்குப் போனேன். ஐந்து என்று குறித்த அவளுடைய தாளில் ஒரு கேள்வி விடுபட்டிருந்தது: டிஸ்பென்சரி மூடிய நேரத்தில் கடைசியாக எப்போது வைத்தியம் தேடினீர்கள் என்பது. நான் அதைக் கேட்டு வாயை மூடக்கூட இல்லை, அதற்குள் மூலையில் பாயில் உட்கார்ந்திருந்த சதுர்ஷாவின் தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்குவதைக் கண்டேன். நெஞ்சுக்குள் யாரோ மெல்லிய விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம். விஜயலெட்சுமி மருந்து பம்பை எடுத்து உலுக்கினாள், அதில் ஒன்றும் இல்லை. டிஸ்பென்சரிக்கு ஓடினாள், பூட்டியிருந்தது. அங்கே மருந்து கொடுக்கிற மருந்தய்யா ஒரு சாவு வீட்டுக்காக மொனராகலைக்குப் போயிருந்தார். அவருக்கும் ஞாயிறு உண்டு, சொந்தக்காரர் உண்டு, குறை சொல்வதற்கில்லை. எங்கள் லயத்தில் டெலிபோன் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிமேல் ஏற வேண்டும், நான் என் முழங்காலோடு தொட்டியை நோக்கிப் புறப்பட்டேன். அதற்குள் விஜயலெட்சுமி வாசலில் நின்று இரு கையையும் வாயில் குவித்தாள்.

"நிஷாந்தூ, புள்ளைக்கு இழுப்பூ."

மலையில் நிரைக்கு நிரை செய்தி சொல்லிப் பழகிய குரல் அது. நடு லயத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி அதை வாங்கி, ஒரு சொல் குறையாமல் கீழே கொடுத்தாள். தண்ணீர் விழும் பீலிக்கரையில் குளித்துக்கொண்டிருந்தவள் வாங்கி அக்கரைக்குக் கொடுத்தாள். அங்கிருந்து இன்னும் சின்னதாக, இன்னும் கீழே, தேயிலைக்குள் எங்கிருந்தோ ஒரு குரல். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அத்தனை பேரும் என் வகுப்பில் இருந்தவர்கள். எழுந்து பாடத்தை வாசி என்றால் உதடு அசையாத பிள்ளைகள். அவர்கள் குரல் மலையை இறங்கி ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கீழ் ரோட்டில் ஓர் ஆட்டோ கிளம்பும் சத்தம் பதிலாக வந்தது.

என் பழைய மாணவன், ஆட்டோக்கார நிஷாந்த் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. அன்று அவன் அம்மன் கோயில் திருவிழாவுக்கு அறிவிப்புச் சொல்லிக்கொண்டு டிவிஷன் டிவிஷனாகச் சுற்றியிருக்கிறான். கூரைமேல் முன்னும் பின்னும் பார்த்தபடி இரண்டு பெரிய புனல் ஸ்பீக்கர், பக்கத்தில் வேப்பிலைக் கொத்து, உள்ளே பெற்றரிப் பெட்டி, வயர், மைக். "அவுத்து எறக்க நேரமில்ல சார், அப்படியே ஏறுங்க, அந்தப் பெட்டிய மடியில வச்சுக்குங்க, செவப்பு வயரத் தொடாதீங்க" என்றான். விஜயலெட்சுமி பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். நான் மடியில் பெட்டியையும் அதன்மேல் உங்கள் பலகையையும் வைத்துக்கொண்டேன். எதற்குப் பலகை என்று கேட்காதீர்கள். கையில் இருந்தது, வைக்க இடமில்லை.

மூன்றாம் வளைவில் ஒரு மரக்கறி லொறியும் ஒரு பஸ்ஸும் முகத்துக்கு முகம் நின்றன. யார் பின்னால் எடுப்பது என்று இரண்டு சாரதிகளும் இறங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவசரமில்லாத பேச்சு. நிஷாந்த் ஹோர்ன் அடிக்கவில்லை, மைக்கை எடுத்தான். காலையிலிருந்து ஒரே வசனத்தைச் சொல்லிப் பழகிய வாய் பாருங்கள், "அன்பார்ந்த பக்தப் பெருமக்களே" என்று தொடங்கிவிட்டான். பஸ்ஸில் இருந்த எல்லாத் தலையும் வெளியே வந்தது. "ஆட்டோவுக்குள்ள சின்னப் புள்ள. இழுப்பு. லொறிய கொஞ்சம் பின்னால எடுங்க அண்ணே. அம்மன் அருள் உங்களுக்கு உண்டாகட்டும்." பிறகு அதையே சிங்களத்தில் சொன்னான், அதில் அம்மனை விடவில்லை. லொறி பின்னால் போன வேகத்தில் இரண்டு லீக்ஸ் கட்டு ரோட்டில் விழுந்தது. யாரும் அதைப் பொறுக்க வரவில்லை.

அதற்குக் கீழே, போன மழையில் மண் சரிந்து பாதி ரோடு போன இடம் உங்களுக்கு நினைவிருக்கும், தயானி கண்ணை மூடிக்கொள்வாளே, அந்த இடம். ஸ்பீக்கர் பாரத்தோடு ஆட்டோ அதில் ஏறினால் சரியும் என்று நிஷாந்த் நிறுத்தினான். எங்களுக்குப் பின்னாலேயே அந்த பஸ் வந்து நின்றது. அது மேலே போக வேண்டிய பஸ், மாப்பிள்ளை. லொறி ஒதுங்கியதும் மேலே போகாமல், எங்கள் பின்னாலேயே, பின்பக்கமாகவே இறங்கி வந்திருக்கிறது. கொண்டக்டர் இறங்கி, "எல்லாரும் எறங்குங்க" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தட்டுத் தட்டினார். கொடியில் துணியைத் தூக்குவதுபோல ஆட்டோவைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். வெள்ளைச் சாரி கட்டிப் பௌத்தப் பன்சலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா, அப்போது பிடித்த தூறலில், பிள்ளையின் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டே நடந்தார், அவர் நனைந்தார். யாரும் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. நான் நன்றி சொல்வதற்காகத் திரும்பியபோது எல்லோரும் பஸ்ஸுக்குள் இருந்தார்கள், ஜன்னல் இருக்கைக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

பஜாரில் டொக்டர் ஜயசுந்தரவின் டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது, ஞாயிறு அவருக்கு லீவு. பெரிய ஆஸ்பத்திரி இன்னும் எவ்வளவு தூரம் என்று நான் சொல்லத் தேவையில்லை. சதுர்ஷாவின் உதட்டோரம் நிறம் மாறிக்கொண்டிருந்தது. விஜயலெட்சுமி பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நிஷாந்த் நடு பஜாரில் ஆட்டோவை நிறுத்தி மைக்கில் கேட்டான். "டொக்டர் மாத்தயா எங்க இருக்காருன்னு தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க. புள்ளைக்கு மூச்சு எடுக்க ஏலாம இருக்கு." ஒரு நொடி பஜாரே நின்றது. எடைத்தட்டில் தக்காளி நின்றது, தேநீர்க் கடையில் இழுத்த பால் பாதியில் நின்றது. பிறகு எல்லோருடைய கையும் ஒரே திசையைக் காட்டியது. சலூன்.

சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு டொக்டர் ஏற்கெனவே ஓடி வந்துகொண்டிருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி, ஒரு கன்னம் சுத்தம், மறு கன்னம் நிறைய சவர்க்கார நுரை. அவர் தன் டிஸ்பென்சரிக் கதவுக்கு வந்த பிறகுதான் பூட்டின் திறப்பு வீட்டில் இருப்பது ஞாபகம் வந்தது. அதே நேரம் மறுபக்கத்திலிருந்து பாமசி மருந்துக்கடைக்கார இத்ரூஸ் நானா ஓடி வந்தார், சகோதரன் மகளின் கல்யாணச் சாப்பாட்டிலிருந்து, வலது கையில் சோற்றோடு. இடது கையால் இடுப்பிலிருந்து ஒரு திறப்புக் கொத்தை இழுத்து எறிந்தார். "டொக்டர் ரெண்டு தரம் திறப்பத் தொலைச்ச மனிசன், அதால ஒண்டு எனக்கிட்ட ஈக்கி" என்றார் என்னிடம். கதவு திறந்தது. ஆவி மருந்து வைக்கும் மெஷின் உறுமத் தொடங்கியது. டொக்டர் பிள்ளையின் முகத்தில் மூடியைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "பயம் வேணாம். எடு. விடு. எடு. விடு" என்று தானும் கூடவே மூச்சு எடுத்து விட்டார், நுரை ஆடியது.

நான் வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால் பஜாரில் பாதி நின்றது. எல்லோரும் அந்த விசில் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். அது மெல்ல மெல்லத் தேய்ந்து, இடைவெளி விட்டு, பிறகு இல்லாமல் போனது. எத்தனையோ பரீட்சை முடிவுகளை வாசிக்கக் கேட்டு நின்றிருக்கிறேன், மாப்பிள்ளை, ஒரு சத்தம் நின்றதற்காக என் கண் நிறைந்தது அன்றுதான். சதுர்ஷா முகத்தில் மூடி இருக்கும்போதே ஒரு விரலை நீட்டி டொக்டரின் கன்னத்தைக் காட்டினாள். அவர் தொட்டுப் பார்த்து, "அடேயப்பா" என்றார். அந்தச் சொல்லை யார் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்களோ. இத்ரூஸ் நானா என்னைப் பார்த்து, "சேர், ஒங்கட முகம் வெளுத்துப் போய் ஈக்கி, நீங்களும் உள்ளுக்குப் போய் ஒருக்கா நெஞ்சக் காட்டுங்க" என்றார். காட்டினேன். ஒன்றுமில்லை, பயந்ததுதான். பிறகு டொக்டர் மிச்சக் கன்னத்துக்காக சலூனுக்குப் போனார்.

திரும்பி வரும்போது பிள்ளை தாயின் மடியில் உறங்கியது. எல்லாம் கண்ணால் பார்த்தாகிவிட்டது, இனி மார்க் தானாகக் கீழே வரும் என்று எண்ணி, பலகையை எடுத்து மெதுவாகக் கேட்டேன்.

"விஜயலெட்சுமி, இன்னைக்கு டொக்டரப் பாத்தது எவ்வளவு லேசு? எத்தன போடுவ?"

"அஞ்சு சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சுத்தான் சார் சொல்றேன். நீங்களே கூட வந்தீங்க, பெட்டிய வேற மடியில வச்சிருந்தீங்க. உங்களுக்கு எப்படிங்க சார் கொறைப்பேன்?"

"எனக்கா?"

நிஷாந்த் ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னான். "சார், மறைக்காதீங்க. தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். கொழும்புல இருந்து உங்களுக்கு மார்க் போடச் சொல்லி அனுப்பியிருக்காங்க. பென்சனுக்கு என்னமோ பாக்குறாங்க போல. நம்ம சார நாமளே பெயில் ஆக்குவோமா? எனக்குக் கணக்குல எப்பவும் பத்துக்குள்ளதான் மார்க் குடுத்தீங்க. இருந்தும் நானும் அஞ்சுதான் போட்டேன். பழசயெல்லாம் மனசுல வைக்கல."

மாப்பிள்ளை, அந்த உதாரணம். நான் சொன்ன அந்த ஒரே ஓர் உதாரணம். இரண்டு டிவிஷன் மக்கள், காலில் வெட்டுப்பட்டவரும் கதிரையில் போனவரும், தங்கள் வேதனையை எல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு என்னைப் பாஸ் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அது சிரிப்பாக இல்லை. உங்கள் நிபந்தனையை அந்த இடத்திலேயே மீறினேன். மார்க் எனக்கில்லை, மூடிய கதவுக்கு, கூடப் போட்டால் டொக்டர் வரமாட்டார், குறைத்துப் போட்டால்தான் வருவார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விஜயலெட்சுமி மடியில் உறங்கிய பிள்ளையைக் குனிந்து பார்த்தாள்.

"அப்ப நாங்க எல்லாருமாச் சேந்து வர்ற டொக்டரத் தொரத்திட்டமா சார்?"

நான் பதில் சொல்வதற்குள் நிஷாந்த் மைக்கை எடுத்துவிட்டான். லயம் லயமாக, வேப்பிலையும் ஸ்பீக்கருமாக, "அன்பார்ந்த பக்தப் பெருமக்களே, வீரய்யா சாருக்குப் போட்ட மார்க்க எல்லாரும் வந்து கொறைக்கவும், சார் ஏற்கெனவே பாஸ், இது டொக்டருக்கான மார்க், மறுபடியும் சொல்கிறேன், சாருடைய மார்க்க உடனே வந்து கொறைக்கவும்" என்று அறிவித்துக்கொண்டே வந்தான். நான் பெட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

நேற்று வேலை முடிந்ததும் கூடையோடு வரிசையாக வந்தார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களம்போல வாசலில் நின்றார்கள். பென்சிலில் குறித்தது நல்லதாகப் போயிற்று. ஒவ்வொன்றாக அழித்து ஒன்று, ஒன்று, ஒன்று என்று போட்டேன். "சைபர் இல்லையா சார்? நீங்க எங்களுக்குக் குடுத்திருக்கீங்களே" என்று ஒருவன் கேட்டான். கருப்பாயி அக்கா மட்டும் ஒன்றுக்கு உடனே சம்மதிக்கவில்லை. "ஒண்ணு போட்டா, என்னயத் தூக்கிட்டுப் போனவனுங்க மனசு நோகாதுங்களா? அவனுக மேல ஒரு கொறையும் இல்லன்னு பக்கத்துல எழுதுங்க" என்றார். எழுதினேன். அதை எழுதும்போதுதான் எனக்கும் உறைத்தது. பின்னால் ஓடிய பஸ்ஸையும், நனைந்த அம்மாவையும், சோற்றுக்கையையும், பாதி நுரையையும் எழுத உங்கள் தாளில் இடமே இல்லை. டொக்டரைப் பார்ப்பது லேசா என்றால், இல்லை, இந்த மலையில் அது பெரிய கஷ்டம், ஒன்றே சரி. ஆனால் அந்த ஒன்றைப் பார்க்கிறவர்கள், இங்கே ஒன்றும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இத்தனை பேர் ஓடினால்தான் ஒரு பிள்ளைக்கு மூச்சு என்பது வாழ்நாளில் நான் பார்த்த பெரிய ஆச்சரியம். அடுத்த ஞாயிறும் அந்த பஸ் அந்த வளைவில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

திருத்திய தாள்களை இத்துடன் அனுப்புகிறேன். நிபந்தனையை மீறியதால் அளவு கெட்டுவிட்டது என்பீர்கள். முதலில் எடுத்த அளவு இதைவிடக் கெட்டது. எனவே தயவுசெய்து எங்கள் தோட்டத்தைக் கடைசி மார்க் வாங்கிய தோட்டமாக மேலிடத்துக்கு அறிவித்து, பின்னேர டொக்டரை முதலில் இங்கே அனுப்ப ஆவன செய்யுங்கள்.

உங்களுக்கும் தயானிக்கும் நோய்நொடி அண்டாமல், நல்ல பசியும் நல்ல தூக்கமும் குறையாமல் கிடைக்க எங்கள் இருவரின் மனம் நிறைந்த ஆசிகள். உங்கள் தாயாருக்கும் தம்பிமாருக்கும் எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
பெ. வீரய்யா
(ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பி.கு.: மேலே எழுதியதை நம்பி மேலிடத்துக்கு ஒன்றும் அறிவித்துவிட வேண்டாம். இன்று வியாழன். நேற்றுக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்கள் மாமியார் தாள் கட்டைப் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவு ஒண்ணா? இத மாப்பிள்ளை கையில குடுத்தா ஆபீசுல அவர என்ன நெனைப்பாங்க? மாமனார் ஊட்டுல இருந்து அத்தனையும் பெயில் மார்க்குன்னு சொல்ல மாட்டாங்களா? நம்ம புள்ள வாழுற ஊடு" என்றார். நான் ஓர் உதாரணத்தோடு விளக்கினேன். தலையை ஆட்டினார். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இன்று காலையில் பீலிக்குத் தண்ணீருக்குப் போய் எல்லோரிடமும் மார்க் உண்மையில் மாப்பிள்ளைக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். பின்னேரம் மறுபடியும் கூடையோடு வரிசை. "தயானி அக்கா ஊட்டுக்காரருக்கா சார்? மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று எல்லோரும் திரும்பவும் ஐந்து ஆக்கிவிட்டுப் போனார்கள். அழித்து அழித்து அந்தக் கட்டத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது, இலக்கத்தை ஓட்டைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நிஷாந்த் தன் சொந்தப் பொறுப்பில் உங்களுக்கு ஆறு போட்டிருக்கிறான்.

விஜயலெட்சுமி மட்டும் மாற்றவில்லை. உங்கள் மாமியார் முன்னாலேயே நின்று, "மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டா நான் வந்து கால்ல விழுறேன் சின்னம்மா. எம் மார்க்கு ஒண்ணுதான்" என்றாள். பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. உங்கள் மாமியார் உள்ளே போய்ப் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பக்கட் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஒரு தாளை மட்டும் தனியாக மடித்து மேலே வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் மரியாதை, அது ஒன்றுதான் விடை.

ஆனால் ஒரு தாளுக்கு டொக்டர் வருவாரா என்று எனக்குச் சந்தேகம். ஆகவே நீங்களும் உங்கள் பெரிய அதிகாரியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நேரிலேயே வந்து அளந்துவிடுங்கள். முடிந்தால் உங்களில் ஒருவர் லேசான வயிற்றுவலியோடு வருவது நல்லது. இதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். வயிற்றுவலி அதிகாரிக்கே இருக்கட்டும், மாப்பிள்ளைக்குக் கோழி அடிக்க வேண்டும் என்கிறார்.